ரேஷன் பெட்ரோல்

பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரி "ஐயோ, வெயில்ல நிக்கணுமே" என்று உச்சுக்கொட்டுவாள். எனக்கு அந்த உச்சுக்கொட்டல் பிடிக்காது. திருநெல்வேலியில் வெயில் படாத பிழைப்பு எது? நானாவது கூரைக்குக் கீழே நிற்கிறேன். கையில் இருக்கும் பெட்ரோல் கன்னை நான் அழுத்தினால்தான் கலெக்டர் ஆபீஸ் ஜீப்பும் ஓடும், கருப்பட்டி வியாபாரியின் மொபெட்டும் ஓடும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. தலைக்கனம் பிடித்தவள் என்று என் நாத்தனார் சொல்லுவாள். சொல்லட்டும். அவளுடையது மாதிரி காலியாக இருக்கிற தலைக்குக் கனம் எங்கிருந்து வரும்?

எங்கள் பங்க் தனி முதலாளியுடையது இல்லை. கூட்டுறவுச் சங்கம் நடத்துவது. ஆற்றுக்குப் பாளையங்கோட்டைப் பக்கம், சங்கத்தின் சூப்பர் மார்க்கெட்டை ஒட்டினாற்போல இருக்கிறது. நான் முதலில் சூப்பர் மார்க்கெட்டுக்குள்தான் இருந்தேன். துவரம்பருப்பையும் மிளகாய் வத்தலையும் புடைத்து, நிறுத்து, பொட்டலம் போடுகிற பகுதி. பக்கத்துக் காலியிடத்தில் பங்க் வரப்போகிறது, பெண்கள் யாராவது வருகிறீர்களா என்று மேனேஜர் கேட்டபோது எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன். என் பக்கத்தில் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவளும் என்னைப் பார்த்துத் தூக்கினாள். அன்றிலிருந்து அவள்தான் பங்கில் எனக்குச் சோடி. நான் வாய்க்காரி, அவள் பயந்தாங்கொள்ளி. அதனால் சண்டையில்லாமல் ஓடுகிறது.

பங்க் திறந்த நாளில் சந்தனம், குங்குமம், கல்கண்டு எல்லாம் வைத்து வருகிறவர்களை வரவேற்றோம். கல்கண்டு தீர்ந்துவிட்டது. பெட்ரோல் தீரவில்லை. ஏன் என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. இதே சங்கம்தான் ஊருக்குள் ரேஷன் கடைகளையும் நடத்துகிறது. ரேஷன் கடை என்றால் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் வைத்திருக்கிறவன் கலக்காமல் இருப்பானா? ஆகையால் இது ரேஷன் பெட்ரோல். இவ்வளவுதான் ஊர் போட்ட கணக்கு.

இந்தப் பெயரை வைத்தது பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டு. அங்கே எல்லாருக்கும் மூத்தவராக ஒருவர் இருக்கிறார். அண்ணாச்சி என்றால் அந்தத் தெருவில் அவர்தான். அவர் வண்டியில் சாய்ந்துகொண்டு ஒரு வார்த்தை சொன்னால் ஸ்டாண்டுக்கே அது சட்டம்.

"நீல மண்ணெண்ணெய அளந்த கை வே அது. பழக்கம் விடுமா? அங்கன போய்ப் போட்டா எஞ்சின் புகை கக்கும். நான் சொல்லுததச் சொல்லிட்டேன், பெறவு உங்க பாடு" என்றாராம்.

எங்கள் பங்கில் ஒருத்தரும் மண்ணெண்ணெய் அளந்ததில்லை. நாங்கள் அளந்தது பருப்பு. அதுவும் போக, ரேஷனில் மண்ணெண்ணெய் வருவதே இப்போது அத்தி பூத்தாற்போல. வருகிறதைப் பெட்ரோலில் ஊற்றிவிட்டால் கார்டுக்காரர்கள் எங்களைச் சும்மா விடுவார்களா? இதையெல்லாம் யார் கேட்பது? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

ஊர் சொன்னதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். அந்த ஸ்டாண்டில்தான் என் வீட்டுக்காரரும் ஆட்டோ போடுகிறார். அவரும் எங்கள் பங்குக்கு வரவில்லை.

காலையில் என்னைப் பங்க் வாசலில் இறக்கிவிடுவார். இறக்கிவிட்டுவிட்டு, கொக்கிரகுளம் தாண்டி, ஆற்றுப்பாலம் ஏறி, ஜங்ஷன் பக்கம் இருக்கிற ஒரு பழைய பங்குக்குப் போய்ப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவார். அதே கம்பெனி, அதே போர்டு, அதே விலை. பெண்டாட்டி கையில் கன்னைப் பிடித்துக்கொண்டு நிற்க, புருஷன் ஆற்றைத் தாண்டிப் போகிறார். என் சோடி ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அதுதான் எனக்குக் குத்தும். அவர் வண்டி ஒரே ஒரு நாளாவது என் முன்னால் வந்து நிற்க வேண்டும், நாலு பேர் அதைப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை.

ஆசை மட்டும் இல்லை, பிழைப்பும் அதில் இருந்தது. விற்பனை இப்படியே படுத்துக்கிடந்தால் பெண்களின் ஷிப்டை எடுத்துவிட்டு எங்களை மறுபடியும் பொட்டலம் போட அனுப்பிவிடுவோம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஸ்டாண்டு ஆட்டோக்கள் வந்தால் பங்க் நிமிர்ந்துவிடும். ஸ்டாண்டோ, "அவன் பெண்டாட்டி அங்கன நிக்கா, அவனே அங்க போடல" என்று என் வீட்டுக்காரரையே சாட்சிக்கு இழுத்தது.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. சிக்கனக்காரர். பெட்ரோல் மிச்சம் பிடிப்பது பற்றி அவரிடம் ஒரு பெரிய வேதமே இருக்கிறது. நூறு ரூபாய்க்குப் போட மாட்டார், நூற்றுப்பத்துக்குத்தான் போடுவார். முழு எண்ணுக்குப் போட்டால் மிஷினில் ஏற்கெனவே ஏதோ செட் பண்ணி வைத்திருப்பார்களாம். விடிந்தும் விடியாமல் போட வேண்டுமாம், அப்போதுதான் பெட்ரோல் குளிர்ந்து கெட்டியாக இருக்குமாம். ரயில் பாதைக்கு மேலே போகிற ஈரடுக்குப் பாலத்தின் உச்சிக்குப் போனதும் எஞ்சினை அணைத்துவிட்டு, டவுன் பக்கம் வழுக்கிக்கொண்டே இறங்குவார். பின்னால் உட்கார்ந்திருக்கிற சவாரி நெல்லையப்பரைக் கும்பிட்டுக்கொண்டே வரும். போட்டு முடித்ததும் வண்டியை இரண்டு ஆட்டு ஆட்டுவார். ஏன் என்று கேட்டால் காற்று வெளியேறுமாம்.

நான் பயிற்சியில் கற்றுக்கொண்டதைச் சொல்லிப் பார்த்தேன். பெட்ரோல் கிடப்பது பூமிக்குள் புதைத்த தொட்டியில், அதற்கு விடியலும் ஒன்றுதான், உச்சிவெயிலும் ஒன்றுதான். மிஷின் உள்ளே சீல் வைத்தது, நூற்றுப்பத்துக்குத் தனி மரியாதை எல்லாம் அதற்குத் தெரியாது. நிஜமாகவே மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் டயரில் காற்று சரியாக இருக்கட்டும், ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் பண்ணட்டும், கிளட்சில் காலைவைத்தபடி ஓட்டாமல் இருக்கட்டும். தன் ஆட்டோவில் கிளட்ச் கையில்தான் இருக்கிறது என்று திருத்திவிட்டு, மற்றதை அவர் காதில் வாங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, ஆற்றைத் தாண்டிப் போய்வருகிற பெட்ரோல் யார் வீட்டுப் பெட்ரோல்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இதையும் சொன்னேன். "அந்தப் பக்கம் சவாரி கிடைக்கும்" என்றார். வாய் இருக்கிறவன் தோற்க மாட்டான்.

இதற்கிடையில் வேலையில் நான் நன்றாக ஊன்றிவிட்டேன். காலையில் பங்க் திறக்குமுன் தொட்டிக்குள் நீளமான அளவுக்கம்பியை விட்டு எடுத்து, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். கம்பியின் அடியில் ஒரு பசையைத் தடவித்தான் உள்ளே விட வேண்டும். தொட்டியின் அடியில் தண்ணீர் இருந்தால் பசை நிறம் மாறிவிடும். கேட்கிற வாடிக்கையாளருக்கு வடிதாளில் ஒரு சொட்டு விட்டுக் காட்டுவோம், நல்ல பெட்ரோல் கறை வைக்காமல் பறந்துவிடும். அளவில் சந்தேகம் என்றால் அஞ்சு லிட்டர் அரசாங்க முத்திரை அளவையில் பிடித்துக் காட்டுவோம். நான் இவற்றை யாரும் கேட்காமலே செய்து காட்டுவேன். வருகிறவர்கள் சிரிப்பார்கள், "விடும்மா, நேரமாச்சு" என்பார்கள். எனக்கோ அந்த வடிதாள் காய்கிற அந்தக் கொஞ்ச நேரம், பரீட்சை முடிவில் பேர் வாசிக்கிற மாதிரி இருக்கும்.

டேங்கர் லாரி வருகிற நாள் எங்களுக்குத் திருவிழா. ஓட்டி வருகிறவர் நாங்குநேரிக்காரர், வயசாளி, மெதுவாகப் பேசுவார். சீலைப் பார்த்துச் சரி சொல்லி, குழாயை மாட்டிவிட்டு, இறங்கி முடிகிறவரைக்கும் பேச்சுக்கொடுப்பேன். இது எங்கிருந்து வருகிறது பெரியவரே என்று ஒருநாள் கேட்டேன். தூத்துக்குடியில் கப்பலில் இறங்குவதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். கடலோரத்துப் பெரிய தொட்டிகள், அங்கிருந்து டிப்போ, டிப்போவில் லாரிகள் வரிசை. ஒரு கம்பெனியிடம் சரக்கு குறைந்தால் இன்னொரு கம்பெனியிடம் வாங்கிக்கொள்வதும் உண்டாம்.

"கப்பல்ல வரும்போது பெட்ரோலுக்குப் பேரு கிடையாது தாயி. லாரியில ஏறும்போதுதான் பேரு வைக்காவ" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் விசேஷம். லாரிக்குள் தனித்தனி அறைகள் இருக்கும். எங்கள் விற்பனை குறைவு என்பதால் முழு லாரியும் எங்களுக்கு வேண்டியதில்லை. பாதி அறைகளை எங்களுக்கு இறக்கிவிட்டு, மீதியை எங்கே கொண்டுபோகிறார் தெரியுமா? பாலம் ஏறி, ஜங்ஷன் பக்கத்து அந்தப் பழைய பங்குக்கு. என் வீட்டுக்காரர் ஆற்றைத் தாண்டிப் போய்ப் போட்டுக்கொண்டு வருகிற அதே பங்குக்கு. நான் சிரித்த சிரிப்பில் அந்தப் பெரியவர் பயந்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தச் செய்தியை வாய்க்குள் வைத்துச் சப்பிக்கொண்டே போனேன். சாப்பாடு போட்டுவிட்டு, மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"நீங்க போடுத பெட்ரோலும் எங்க பெட்ரோலும் ஒரே லாரியில வருது, தெரியுமா? மொதல்ல எங்ககிட்ட வந்து, பெறவுதான் அங்கன போகுது. பாத்தா நாங்க மூத்தவ, அவிய இளையவ."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "லாரி ஒண்ணுதான், ஒத்துக்கிடுதேன்" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "ஆனா ஏட்டி, தொட்டி உங்க தொட்டில்லா? ஒரே குடம் பாலை ரெண்டு சட்டியில ஊத்துனா, எந்தச் சட்டி கழுவாத சட்டின்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு ரசத்தை அவர் தலையிலேயே ஊற்றியிருப்பேன். சூடாக இல்லாததால் விட்டேன். எங்கள் தொட்டிக்கு மேல் தினமும் முட்டிபோட்டு உட்கார்ந்து கம்பியை இறக்கி ஏற்றுகிறவள் நான். அது கழுவாத சட்டியாம். "இனி உங்களை வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிட மாட்டேன். நீங்களா வந்தாத்தான் உண்டு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினேன். அவர் மோருக்குக் கையை நீட்டினார். மோரை ஊற்றினேன். கோபம் வேறு, மோர் வேறு.

சொன்னபடியே இருந்தேன். கூப்பிடவில்லை. ஆடி போய், ஆவணி போய், ஐப்பசி அடைமழையும் வந்தது. காலையில் இறக்கிவிடுவார், ஆற்றைத் தாண்டிப் போவார்.

கார்த்திகையில் ஒரு மழை பிடித்தது. மலைமேல் அணை திறந்து, தாமிரபரணி இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. குறுக்குத்துறைக் கோயில் முழுகிவிட்டது என்றார்கள். அது முழுகுவது புதிது இல்லை. பாலத்தையே மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோதுதான் எனக்குத் திக்கென்றது. பாளையில் இருக்கிறவன் ஜங்ஷனுக்குப் போக முடியாது, அங்கே இருக்கிறவன் இங்கே வர முடியாது. மேனேஜர் டவுன்காரர், அவர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். நான் முழங்கால் தண்ணீரில் நடந்தே காலை ஷிப்டுக்குப் போய்விட்டேன். என் சோடி எனக்கு முன்னாலேயே வந்து குடையோடு நின்றிருந்தாள்.

பங்க் வாசலில் தண்ணீர் தேங்கி, தொட்டி வாய்க்குழிகளின் மூடிமேலும் நின்றது. வாரி வெளியே இறைத்துவிட்டு, துடைத்து, கம்பியில் பசையைத் தடவி உள்ளே விட்டேன். எடுத்துப் பார்த்தேன். பசை நிறம் மாறியிருந்தது. மழைத்துளி பட்டிருக்கும் என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டு, குடையை நன்றாகப் பிடிக்கச் சொல்லி, துடைத்து, மறுபடியும் தடவி விட்டேன். மறுபடியும் மாறியிருந்தது. எங்கள் தொட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது.

முன்காலத்துப் பெட்ரோலாக இருந்தால் தண்ணீர் அடியில் தனியாகக் கிடக்கும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. தண்ணீர் பட்டால் எத்தனால் அதோடு சேர்ந்துகொண்டு கீழே இறங்கி, எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அதைக் குடிக்கிற வண்டி பாதி வழியில் படுத்துவிடும். மேனேஜருக்குப் போன் போட்டேன். லைன் விட்டு விட்டுக் கேட்டது. "டிப்போவுக்கு நான் சொல்லிக்கிடுதேன். அங்கன நீங்க இருக்கிய, பாத்து முடிவு பண்ணிக்கிடுங்க" என்றார். அதோடு போன் அறுந்துவிட்டது. முடிவு என் தலையில் விழுந்தது.

விற்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மிஷின்களை அணைத்துவிட்டேன். என்ன சொல்லி அனுப்புவது என்பதில்தான் சிக்கல். என் சோடி உள்ளே ஓடி, 'இருப்பு இல்லை' என்று எழுதின அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லாப் பங்கிலும் வழக்கமாகச் செய்வது அதுதான். சரக்கு இல்லை என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

"ஏ மதினி, இத மாட்டிருவோம். தண்ணின்னு சொன்னோம், தொலைஞ்சோம். ஏற்கெனவே ரேஷன் பெட்ரோலுங்கான். இருக்குத கொஞ்ச மானமும் ஆத்தோட போயிரும்" என்றாள். அவள் சொன்னது சரிதான். அட்டையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்தேன்.

அப்போதுதான் சாலை முனையில் மஞ்சள் நிறம் தெரிந்தது. மழைக்குள் ஆட்டோக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி எங்கள் பங்குக்குள் வந்தன. ஸ்டாண்டே வந்தது. பாளையில் வேறு பங்க் இல்லாமல் இல்லை, ஒன்றில் கரண்ட் இல்லை, இன்னொன்றில் ஆளே வரவில்லை. ஆற்றைத் தாண்ட வழியும் இல்லை. முதல் வண்டி என் வீட்டுக்காரருடையது. ஒரு வருஷமாக நான் பார்க்க ஏங்கின காட்சி, அப்படியே கண்ணுக்கு முன்னால். அந்த நேரத்தில் என் நிலைமையைக் கேட்கிறீர்களா? பழம் நழுவிப் பாலில் விழுகிறது, பால் திரிந்துபோயிருக்கிறது.

அவர் வண்டியை மிஷினுக்கு முன்னால் நிறுத்தி, இறங்கி, என்னைப் பார்த்துக் கொஞ்சம் அசடு வழியச் சிரித்தார். "என்னட்டி, நானா வந்துட்டேன், பாத்தியா?" என்றார்.

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் நியாயஸ்தி என்று பீற்றிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. ஒரு வருஷமாக என்னைக் கலப்படக்காரி என்று பேசினவர்கள் முன்னால், ஒரு அட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள என் ரோஷம் விடவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அட்டையைத் திருப்பிக் கீழே வைத்தேன்.

"பெட்ரோல் இருக்கு. ஆனா போட மாட்டேன். மழையில தொட்டிக்குள்ள தண்ணி இறங்கிட்டு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். கம்பியைத் தூக்கிப் பசையையும் காட்டினேன்.

பின்னாலிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது. "நான் அன்னைக்கே சொன்னேம்லா! அன்னைக்கு மண்ணெண்ணெய், இன்னைக்குத் தண்ணி!" சிலர் சிரித்தார்கள். என் சோடி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எனக்குக் காது மடல் இரண்டும் எரிந்தது. அழுகை வருகிற மாதிரி இருந்தது, ஆனால் இவர்கள் முன்னால் அழுவதற்கு நான் பிறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் கிட்டே வந்து, மெதுவாகக் கேட்டார். "தண்ணி அடியிலதான கெடக்கும்? மேலாப்புல ஒரு லிட்டர் எடுத்துக் குடேன். வண்டி ரிசர்வுல ஓடுது. ஆஸ்பத்திரிச் சவாரி ஒண்ணு காத்துக்கிட்டிருக்கு."

"மேலாப்புல, கீழாப்புலன்னு ஒண்ணும் கெடையாது. கெட்டது கெட்டதுதான். போட மாட்டேன்" என்றேன்.

"எங்க வண்டி, எங்க பாடு. துட்டு தாரோம், போடுங்க மதினி" என்று ஒருவன் கத்தினான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் கன்னைத் தானே எடுக்கப் போனான்.

என் வீட்டுக்காரர் அவனுக்கும் மிஷினுக்கும் நடுவில் போய் நின்றார். சாதாரணமாக அவர் உரக்கப் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கு மழையை மீறிக் கேட்டது.

"கைய எடு லே! அவ போட மாட்டேன்னா போட மாட்டா. வீட்டுல பருப்புல ஒரு கல்லு கெடந்தா மொத்தத்தையும் கொட்டிப் பொடைக்கிறவ வே அவ. தண்ணின்னு அவ சொன்னா தண்ணிதான். திருப்புங்க வண்டிய!"

அண்ணாச்சியைப் பார்த்தும் சொன்னார்: "கலக்குதவன் வந்து கலந்திருக்குன்னு சொல்லுவானா அண்ணாச்சி? நீங்களே சொல்லுங்க."

அண்ணாச்சி வண்டியைத் திருப்பினார். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாரும் திருப்பினார்கள். என் வீட்டுக்காரர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பங்க் மூலையில் காற்றடிக்கிற மிஷின் பக்கம் நிறுத்திவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிச் சவாரிக்கு வேறு வண்டி பிடித்துக்கொடுக்க நடந்தே போனார். நான் சாக்குக்கட்டியை எடுத்து விலைப்பலகையில் பெரிதாக எழுதினேன்: 'மழையால் தொட்டியில் தண்ணீர் இறங்கிவிட்டது. சுத்தம் செய்து சோதிக்கும் வரை விற்பனை இல்லை.' என் சோடி அதைப் படித்துவிட்டு, "எழுத்தாவது அழகா இருக்கு" என்றாள்.

அந்தப் பலகையை எவனோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். மறுநாளுக்குள் அது ஆறு வடிவதற்கு முன்னாலேயே ஆற்றைத் தாண்டிவிட்டது. பாலம் திறந்ததும் மேனேஜர் வந்தார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்படிப் பச்சையா எழுதி வைக்கணுமாம்மா?" என்று கேட்டார். பொட்டலம் போடுகிற பகுதியில் நான் புடைத்த பழைய சுளகு இன்னும் கிடக்கிறதா என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். "உள்ளத எழுதுனேன் சார்" என்றேன். அவர் அறைக்குள் போனார். அழிக்கச் சொல்லவில்லை.

கம்பெனி ஆட்கள் வந்து தொட்டியைக் காலி செய்து, கழுவி, வாய்க்குழியை உயர்த்திக் கட்டி, புது மூடி போட்டார்கள். அதற்குச் சில நாள் ஆயிற்று. அந்த நாட்கள் முழுக்க என் வீட்டுக்காரரின் ஆட்டோ எங்கள் பங்க் மூலையிலேயே நின்றது. பாலம் திறந்த பிறகு ஒரு கேனில் ஜங்ஷன் பெட்ரோலை வாங்கிவந்து ஊற்றி எடுத்துப் போயிருக்கலாம். அவர் எடுக்கவில்லை. கிளட்ச் கேபிள் மாற்ற வேண்டியிருக்கிறது, எப்படியும் நிற்க வேண்டிய வண்டிதான் என்று சொன்னார். நான் நம்பின மாதிரி இருந்துகொண்டேன்.

அந்த நாட்களில் மேனேஜருக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. திட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அவர் அறைக்கு வெளியே வந்து, "எப்ப திறப்பியன்னு கேக்காங்க" என்றார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது போல. எனக்கு ஆச்சரியமாக இல்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. நல்ல பெட்ரோல் என்று ஒரு வருஷம் முழுக்கச் சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை. கெட்டுவிட்டது என்று ஒரே ஒரு முறை சொன்னேன், ஊரே நம்பிவிட்டது. இதை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

புது லோடு இறங்கின காலை, நாங்குநேரிப் பெரியவர் குழாயைக் கழற்றிச் சுருட்டும்போதே ஸ்டாண்டு ஆட்டோக்கள் வந்து நின்றுவிட்டன. நான் கம்பியை விட்டெடுத்தேன், பசை நிறம் மாறவில்லை. அடர்த்தி பார்த்தேன், சரியாக இருந்தது. வடிதாளில் ஒரு சொட்டு விட்டேன், பறந்தது. பலகையை நானே ஈரத்துணியால் துடைத்தேன். என் வீட்டுக்காரர் மூலையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வரிசையின் முன்னால் நிறுத்தினார். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.

கன்னை எடுத்தேன். வண்டிக்குள் விடுமுன் நாங்கள் எல்லாரிடமும் சொல்லியாக வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு. புருஷன் என்றாலும் சொல்ல வேண்டும்.

"மீட்டர்ல ஸீரோ பாத்துக்கிடுங்க."

அவர் மூடியைத் திறந்து என் கையில் கொடுத்துவிட்டு, மிஷினுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, பின்வண்டிக்காரனோடு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் மறுபடியும் சொன்னேன். அவர் திரும்பவில்லை.

"நீ பாத்துட்டேல்லா, போடு" என்றார்.

போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டே டேங்கை நிரப்பினேன். அடுத்து அண்ணாச்சியின் வண்டி வந்து நின்றது. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, முதல் எண்ணிலிருந்து கடைசி எண்வரைக்கும் கண் இமைக்காமல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகப் பார்க்கட்டும். அவர் என் புருஷன் இல்லையே.